வெள்ளிக்கிழமை பத்தரை மணிக் கையெழுத்து

பாபநாசத்தில் கும்பகோணம் போகிற சாலையோரம் ஓர் உரக்கடை இருக்கிறது. கீழே யூரியா, பொட்டாஷ், பூச்சிமருந்து. மாடியில் ஆகாய விமானம். வளைகுடாப் பணக்காரர்கள் சொந்தமாக வைத்திருக்கும் சின்ன ஜெட் விமானங்களுக்கு அங்கே ரெக்கார்டு பார்க்கிறார்கள் என்று சொன்னால், உரம் வாங்க வந்தவர்கள் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு, மாடியில் நடப்பது சீட்டுக் கம்பெனிதான் என்ற முடிவோடு போவார்கள். ஏசி போட்டு, கதவைச் சாத்தி, பத்துப் பேர் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தால் பாபநாசத்தில் வேறு என்ன நினைக்க முடியும்?

முதலாளி ஜாஃபர் சாதிக். தெருவில் பாய், மாடியில் சார். வளைகுடாவில் விமான உதிரிபாகக் கிடங்கில் ரொம்ப வருஷம் இருந்துவிட்டு வந்தவர். விமானத்தில் ஒரு திருகை முடுக்கினாலும் யார் முடுக்கினது, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாக வேண்டும். அந்தக் காகிதம் இல்லாவிட்டால் திருகு இருந்தும் இல்லாத மாதிரிதான். பட்டா, சிட்டா சரியில்லாத நஞ்சையில் என்ன விளைந்து என்ன? விமானமும் அப்படித்தான் என்று அவர் புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்வார். தஞ்சாவூர் ஜில்லாக்காரர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்பட்டதில்லை.

காகிதங்களைப் படிப்பது ஒரு செயற்கை நுண்ணறிவு. ஸ்கேன் பண்ணி அனுப்பிய பக்கங்களைப் படித்து, ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்தில் பச்சையில் 'நம்பகம்' என்றோ சிவப்பில் 'சந்தேகம்' என்றோ போடும். சிவப்பை மட்டும் ஆட்கள் ஒரு தடவை பார்த்து ஆமாம் என்று அமுக்க வேண்டும். இல்லை என்று அமுக்கினால் ஏன் என்று கால் பக்கம் எழுதவேண்டும் என்பதால், எல்லோரும் பெரும்பாலும் ஆமாம்தான். எல்லாக் காகிதமும் இருந்தாலும் இன்னும் ஏதோ குறைகிறது என்கிற மாதிரியே பார்க்குமாதலால், ஆபீஸில் அந்த மென்பொருளுக்கு வைத்த பெயர் தாசில்தார்.

ஹஃப்ஸா ராஜகிரிக்காரி. பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர். தாசில்தார் போட்ட சிவப்புக்கெல்லாம் ஆமாம் போடுவதில் அவள் வேகமானவள் என்று பெயர் எடுத்திருந்தாள். எந்த நாட்டு ஹேங்கரில் விமானம் நிற்கிறது, யார் மெக்கானிக் என்பதெல்லாம் மாடியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. ஓரவஞ்சனை வரக்கூடாது என்று பெயர்களை மறைத்து வெறும் நம்பர்தான் காட்டுவார்கள். அதில் 417 என்ற ஆள்மேல் தாசில்தாருக்குத் தீராத கோபம். 417 கையெழுத்துப் போட்டால் போதும், சிவப்பு. ஹஃப்ஸாவுக்கும் அவன்மேல் நல்ல அபிப்பிராயம் இல்லை. திருட்டுப் பயல் என்று மனசுக்குள் ஒரு முகம்கூட வரைந்து வைத்திருந்தாள். மீசை இல்லாத, எண்ணெய் வழியும் முகம்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் புருஷன் ஹம்தான் போன் பண்ணினான். அவன் வளைகுடாவில் ஒரு ஹேங்கரில் டெக்னீஷியன். வழக்கமாகச் சாப்பிட்டியா என்று ஆரம்பிப்பவன் அன்று அதைக் கேட்கவில்லை.

"எங்க ஹேங்கர்ல என் கையெழுத்தெல்லாம் பொய்யின்னு சொல்றாங்க புள்ள. வேலை பார்க்காமலே பார்த்ததா எழுதிட்டேனாம். வர்ற வியாழக்கிழமை விசாரணை. நான் நிரூபிக்கலைன்னா லைசென்ஸைப் புடுங்கிட்டு ஊருக்கு அனுப்பிருவாங்க. திரும்ப உள்ள வரவே முடியாது."

"யாரு சொன்னா?"

"இந்தியாவுல எங்கயோ ஒரு ஆபீஸாம். அங்க ஒரு மெஷினாம். மெஷின் சொன்னாக்கூடப் பரவால்ல. அங்க ஒக்காந்திருக்கிற எவனோ ஒருத்தன் அதுக்கெல்லாம் ஆமாம் ஆமாம்னு அமுக்கியிருக்கான். அவன் மட்டும் என் கையில கெடச்சான்னா..."

ஹஃப்ஸா துப்பட்டா நுனியைச் சுருட்டினாள்.

"மச்சான், உங்க நம்பர் என்ன?"

"நானூத்திப் பதினேழு. எதுக்கு?"

"சும்மாதான்," என்றாள் ஹஃப்ஸா.

அன்று அவளுக்கு வந்த யோசனைகளில் முதலாவது, ஐயோ என் புருஷனுக்கு நானே இப்படிப் பண்ணிவிட்டேனே என்பதாக இருந்திருக்கலாம். அப்படி இல்லை. தாசில்தார் சும்மா சொல்லுமா என்பதுதான் முதலாவது. சிவப்பெல்லாம் பெரும்பாலும் வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும்தான். வெள்ளிக்கிழமை காலையில் இந்த மனுஷன் வேலை செய்யாமல் எங்கே போகிறார்? போன வருஷம் அவன் ஊருக்கு வரும்போது கொண்டுவந்த சென்ட் பாட்டிலில் ஒன்று குறைந்ததாக ஞாபகம். கேட்டதற்குக் கஸ்டம்ஸில் எடுத்துவிட்டார்கள் என்றான். கஸ்டம்ஸில் ஒரே ஒரு பாட்டிலையா எடுப்பார்கள்?

மறுபடி போன் பண்ணினாள்.

"மச்சான், வெள்ளிக்கிழமை பத்தரை, பதினொண்ணுக்கு நீங்க எங்க இருப்பீங்க?"

"எங்க இருப்பேன்? வேலையிலதான். மொதலாளி வெள்ளிக்கிழமை சாயங்காலம் பறப்பாரு. ஜும்மாத் தொழுகைக்குள்ள பிளேனை முடிச்சு வைக்கணும். சனிக்கிழமை விடியக்காலை திரும்பி வருவாரு, காலையில மறுபடி பார்க்கணும். நீ என்ன, அவங்க கேக்கிற மாதிரியே கேக்கிற?"

"கேக்கக்கூடாதா?"

"அவங்க கேட்டா சம்பளம் தர்றாங்கன்னு பதில் சொல்றேன். நீ எதுக்குக் கேக்கிற?"

வைத்துவிட்டான். அடுத்த அறையிலிருந்து மாமியார் ரசியா பேகம் வந்து நின்றார். அவருக்குச் சர்க்கரை உண்டு, முட்டி வலி உண்டு, காதில் மட்டும் எந்தக் குறையும் இல்லை.

"எம்புள்ளைக்கு வேலையில என்னமோன்னு காதுல விழுந்துச்சு."

"ஒண்ணுமில்ல மாமி."

"நீ அந்த உரக்கடை மாடிக்குப் போக ஆரம்பிச்சதுலேருந்துதான் அவனுக்குக் கண்ணேறு. அங்க என்னதான் பண்றீங்க? ஊருல சீட்டுங்கிறாங்க."

"பிளேன் ரெக்கார்டு மாமி."

"பிளேன் அங்க இருக்கு, ரெக்கார்டு இங்க எதுக்கு?" என்றார் ரசியா பேகம். யோசித்துப் பார்த்தால் இதற்கு ஜாஃபர் சாதிக்கே பதில் சொல்ல முடியாது.

மறுநாள் சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டாள். 417-இன் சிவப்புகளையெல்லாம் ஒரு தாளில் குறித்துக் கைப்பையில் வைத்திருந்தாள். வேறு போக்கிடம் தெரியாமல் தன்னைப் பெற்ற அத்தாவின் ஜவுளிக்கடைக்குப் போனாள். பாபநாசம் கடைத்தெருவில் கூரைப்புடவைக்குப் பேர்போன கடை. சுற்று வட்டாரத்தில் நடக்கிற பாதிக் கல்யாணத்துக்கு முகூர்த்தப் பட்டு அங்கேதான். கடை திறந்திருந்தது. ஆள் இல்லை. அத்தா எதிரே டீக்கடை பெஞ்சில் உளுந்து வடையைப் பிய்த்துச் சட்னியில் தோய்த்துக்கொண்டிருந்தார்.

"என்னத்தா, கடையைப் போட்டுட்டு இங்க?"

"பத்தரை வரைக்கும் யாரு வருவா? சனிக்கிழமையாச்சே."

"அதனாலென்ன?"

"ராகு காலம்மா. ஒம்பதுலேருந்து பத்தரை. எவ வீட்டுக் கல்யாணத்துக்கு இந்த நேரத்துல புடவை எடுப்பாங்க? நான் கடை வச்ச காலத்துலேருந்து இந்த நேரத்துலதான் பசியாறுறது. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு மேல. அது வசதி, அப்படியே குளிச்சுட்டு ஜும்மாவுக்குப் போயிரலாம். புதன்கிழமை மத்தியானச் சோறு. நம்மகூடத் தொழுகுற அஞ்சாறு கடைக்காரன் இந்த டீக்கடையில ஒண்ணாத்தான் ஒக்காருவோம். ஐயருக்குக்கூட எங்க அளவுக்கு மனப்பாடமா வராது."

ஹஃப்ஸா தாளை எடுத்து வடைத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்தாள். வெள்ளி பத்து நாற்பது. சனி ஒன்பது இருபது. வெள்ளி பதினொன்றரை. சனி பத்தேகால். இடையில் எப்போதோ ஒரு புதன், பன்னிரண்டே முக்கால்.

அத்தா எண்ணெய் விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படித்தார்.

"இது என்ன, என் டீக்கடைக் கணக்கை நீ எதுக்கு எழுதி வச்சிருக்க?" என்றார்.

அவர் கண்ணிலும் ஒரு சந்தேகம் தெரிந்தது. அவருக்கும் சர்க்கரை. வடை கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்தார்.

திங்கட்கிழமை ஜாஃபர் சாதிக்கின் அறைக்கு ஹஃப்ஸா போனாள். சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ம்மா, நானூத்திப் பதினேழு யாருன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"என் வீட்டுக்காரர் சார்."

"ஆங்." அந்த 'ஆங்'கில் நிறைய இருந்தது. "வீட்டுக்காரரைக் காப்பாத்த ராகுவைக் கொண்டாந்திருக்க. நம்ம வீட்டுப் பொண்ணு, ராகுவை."

"சோதிச்சுப் பாருங்க சார். அதுக்கப்புறம் சொல்லுங்க."

எல்லோரும் அவள் மேஜையைச் சுற்றி நின்றார்கள். ஹம்தான் போட்ட டயர் காற்றுப் பதிவு ஒன்றை எடுத்து, வேறு எதையும் தொடாமல் மணியை மட்டும் மாற்றினாள். வெள்ளிக்கிழமை ஒன்பதரை. பச்சை. பத்தே முக்கால். சிவப்பு. பன்னிரண்டு ஐந்து. பச்சை. தாசில்தாரிடம் ஏன் என்று கேட்டதற்கு, 'இந்த நேரத்தில் முறையான பணிகள் பதிவாவது வழக்கமில்லை' என்று பணிவாகச் சொன்னது. பக்கத்து மேஜை வளவன், எதையும் நம்பாதவன், கீபோர்டை வாங்கித் திங்கட்கிழமை காலை எட்டு என்று போட்டான். சிவப்பு.

"செவ்வாய்?" என்றார் ஜாஃபர் சாதிக்.

"மூணுலேருந்து நாலரை," என்று பதில் வந்தது.

பதில் சொன்னது தாசில்தார் இல்லை. பின்னால் நின்ற சூப்பர்வைசர் ரெத்தினம். ஸ்கிரீனைக்கூடப் பார்க்காமல் சொல்லியிருந்தார். எல்லோரும் அவர் பக்கம் திரும்பியதும், தான் ஏதோ சொல்லிவிட்டோம் என்பது அவருக்கு உறைத்தது.

ஆறு மாதம் முன்னால் மென்பொருளைக் கொடுத்த சென்னைக் கம்பெனி, மெஷினுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க மாதிரிப் பதிவுகள் கேட்டிருந்தது. உண்மையானது எப்படி இருக்கும் என்று ஒரு கட்டு, பொய் எப்படி இருக்கும் என்று ஒரு கட்டு. யாரும் செய்ய முன்வராத அந்த வேலையைக் குத்தாலத்துக்காரர் ரெத்தினம்தான் தனியாக உட்கார்ந்து, கற்பனையாகவே, வாரக்கணக்கில் எழுதிக்கொடுத்தார். அதற்காக அவருக்குச் சால்வைகூடப் போர்த்தினார்கள்.

"ரெத்தினம், ராகு காலம் பார்த்தா எழுதினீங்க?"

"பார்க்கல பாய்." பதற்றத்தில் சார் போய்விட்டது. "பார்த்தெல்லாம் எழுதல. நல்ல வேலை செஞ்சதா ஒண்ணை எழுதுறேன். பிளேன் பறக்கப்போற விஷயம். உள்ள மனுஷங்க உட்காருவாங்க. அதுக்கு ராகு காலத்தைப் போடக் கை எப்படிப் போகும்?"

"சரி. பொய்ப் பதிவுக்கு?"

"அதுக்கு என்ன நேரத்தைப் போடச் சொல்றீங்க? நல்ல முகூர்த்தமா பார்த்துப் போடுவேன்?"

வளவன் மட்டும், அங்கே சூரியன் உதிக்கிற நேரம் வேறாச்சே, ராகு காலமும் தள்ளிப்போகுமே என்று கேட்டான். ரெத்தினத்தின் முகம் அப்போதுதான் நிஜமாக வாடியது. கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டோமே என்று.

ஜாஃபர் சாதிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அவங்களுக்கு இதை எப்படிச் சொல்றது? அரை வருஷமா உங்க விமானத்தையெல்லாம் ராகு காலம் பார்த்துத்தான் சோதிச்சோம்னா? நாளைக்கே ஒப்பந்தம் காலி."

"சொல்லலைன்னா என் வீட்டுக்காரர் காலி சார்," என்றாள் ஹஃப்ஸா.

கடைசியில் கடிதத்தை வளவன் எழுதினான். 'பயிற்சித் தரவுகளில் வட்டாரப் பழக்கம் சார்ந்த நேரச் சாய்வு கண்டறியப்பட்டுள்ளது' என்று தமிழில் ஒரு முறை சொல்லிப் பார்த்துவிட்டு இங்கிலீஷில் போட்டான்.

"இதுல ராகு எங்கப்பா?" என்றார் ஜாஃபர் சாதிக்.

"அந்தச் சாய்வுலதான் சார் இருக்காரு."

அவருக்கு முகம் தெளிந்தது. ஆனாலும் வெறும் கடிதம் போதாது, 417 போட்ட எல்லாப் பதிவையும், பச்சையையும் சேர்த்து, இணைப்பாக வைக்க வேண்டும், பார், மற்ற நேரத்தில் இவன் சுத்தமான ஆள் என்று காட்ட வேண்டும் என்றார். பச்சையை அந்த ஆபீஸில் யாரும் அதுவரை பார்த்ததில்லை. பார்க்க வேண்டியதில்லை என்பதற்குத்தான் பச்சை.

செவ்வாய்க்கிழமை முழுக்க ஹஃப்ஸா தன் புருஷனின் பச்சைகளைக் கோத்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. எண்ணெய் மாற்றினது, பல்பு மாற்றினது, கதவு ரப்பர் பார்த்தது. ஒவ்வொன்றாகப் பார்க்கையில் எண்ணெய் வழியும் முகம் போய் ஹம்தான் முகம் வந்துகொண்டிருந்தது. அப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பதிவில் கை நின்றது. காலை பத்து மணி. சக்கரப் பிரேக்கின் தேய்மானம் அளந்து பார்க்கப்பட்டது, சரி. கையெழுத்து 417. தாசில்தாரின் மதிப்பு: நம்பகம், தொண்ணூற்று ஒன்பது சதவீதம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ரெத்தினம் மனசில் என்ன குறை இருக்க முடியும்?

அந்தத் தேதி ஹஃப்ஸாவுக்கு நன்றாகத் தெரியும். ஹம்தானின் தங்கை சாஜிதாவுக்கு நிக்காஹ். ராஜகிரி மண்டபத்தில் காலை பத்து மணிக்கு ஹம்தான் பிரியாணி தேக்சா மூடியைத் தூக்கிப் பார்த்து, கறி போதாது என்று சமையல்காரரிடம் சண்டை பிடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் நின்று சட்டையை உள்ளே விடுங்க என்று சொன்னவளே இவள்தான்.

மாடிப்படியில் உட்கார்ந்து போன் போட்டாள். கீழிருந்து யூரியா வாடை வந்தது.

"மச்சான், ராகு விஷயம் சரியாயிடும். சாருக்குப் புரிஞ்சிருச்சு."

"அல்ஹம்துலில்லாஹ். நீதான் புள்ள என்னைக் காப்பாத்தின. ஆமாம்னு அமுக்கினது நீதான்கிறதைக்கூட நான் மறந்துர்றேன்." இந்த நாலு நாளில் ராகு உட்பட எல்லாவற்றையும் அவளே அவனிடம் சொல்லியிருந்தாள்.

"சாஜிதா கல்யாணத்தன்னைக்கு ஒரு பிரேக் பார்த்திருக்கீங்க."

அந்தப் பக்கம் ஏதோ மெஷின் ஓடுகிற சத்தம் தள்ளிப் போனது.

"அது ஆஸிம் போட்டிருப்பான். என்கூட வேலை பார்க்கிறவன். நான் லீவுல வரும்போது பாஸ்வேர்டைக் குடுத்துட்டு வந்தேன். அவனுக்கு இன்னும் கையெழுத்துப் போடுற தகுதி வரல. குடுக்கலைன்னா ஆள் இல்லைன்னு லீவே தர மாட்டாங்க. எல்லாரும் பண்றதுதான்."

"பிரேக்கைப் பார்த்தாரா?"

"பார்த்திருப்பான்."

"நான் கேட்டது பார்த்தாரான்னு."

"ஹஃப்ஸா, இது பச்சைதானே? மெஷினே நல்லதுன்னு சொல்லிருச்சுல்ல? உனக்கு என்ன வந்துச்சு?"

"மெஷினுக்கு சாஜிதா கல்யாணம் தெரியாது மச்சான். எனக்குத் தெரியும்."

"பொய்யே சொல்லாதவனைத் திருடன்னு சொன்னப்ப நீ ஆமாம்னு அமுக்கின. இப்ப மெஷின் நல்லவன்னு சொல்லுது, இப்பவும் நீ நம்ப மாட்டேங்கிற. நான் எப்பதான் உனக்கு நல்லவன்?"

ஹஃப்ஸா போனை மறு காதுக்கு மாற்றினாள். "அந்தப் பிளேன்ல ஆளுங்க ஏறுறாங்க. இணைப்புல இருந்து நான் இதை எடுக்க மாட்டேன். வியாழக்கிழமை நீங்களாச் சொன்னா அது உங்க வாயால வந்ததா இருக்கும். நீங்க சொல்லலைன்னா நான் எழுதிருவேன். அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்கன்னு சொல்ல ஊரே சாட்சி இருக்கு."

"சொன்னா லைசென்ஸ் போயிரும்."

"பொய்க் கையெழுத்துன்னு போறதுக்கு இது தேவல."

அவன் வைத்துவிட்டான். வீட்டுக்குப் போனதும் ரசியா பேகம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சீட்டுக் கம்பெனியில் பணம் போய்விட்டதா என்று கேட்டார்.

வியாழக்கிழமை ஹம்தான் சொன்னான். கேட்பதற்கு முன்னாலேயே சொன்னான் என்று பிறகு தெரிந்தது. பொய்ப் பதிவுக் குற்றச்சாட்டை வளவனின் இங்கிலீஷ் அடித்துக்கொண்டு போய்விட்டது. இப்படி ஒரு சாய்வு இருக்கக்கூடும் என்று தாங்களும் எதிர்பார்த்ததாக அந்த ஹேங்கரிலிருந்து பதில் வந்து, ஒப்பந்தத்தை இன்னொரு வருஷம் நீட்டினார்கள். பாஸ்வேர்டு கொடுத்ததற்கு ஹம்தானுக்குக் கையெழுத்துப் போடுகிற உரிமை ஒரு வருஷத்துக்கு ரத்து. வேலை உண்டு, ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற வேலை. சம்பளம் பாதி. ஆஸிமைக் கூப்பிட்டு விசாரித்ததில், அன்று அளந்தேனா என்று சரியாக ஞாபகமில்லை என்றான். அந்த விமானத்தை நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார்கள். பிரேக் நன்றாகவே இருந்தது. ஹம்தானுக்கு அதில் பெரிய ஆறுதல். ஹஃப்ஸாவுக்கு அவ்வளவு இல்லை.

தாசில்தாருக்கு மறுபடி முதலிலிருந்து பாடம் எடுக்க வேண்டியிருந்தது. இந்த முறை எழுதும் வேலை ஹஃப்ஸாவுக்கு வந்தது. ராகு காலத்தில் நிறைய நல்ல பதிவுகளாக எழுதினாள். ரெத்தினம் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றுக்கும் நெஞ்சைத் தடவிக்கொண்டார். எல்லாம் முடிந்து அனுப்பப் போகும்போது ஏதோ உறுத்தி, ஒரு தடவை திருப்பிப் பார்த்தாள். அவள் எழுதியதில் வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டரையிலிருந்து இரண்டு வரைக்கும் ஒரு பயலும் ஒரு திருகைக்கூடத் தொட்டிருக்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் உட்கார்ந்து திருத்தினாள்.

ஹம்தான் மூன்று வாரம் அவளிடம் பேசவில்லை. அம்மாவிடம் பேசுவான், அம்மா மூலமாகக் கேட்பான். பிறகு ஒரு நாள் தானாகவே வீடியோவில் கூப்பிட்டான். சாப்பிட்டியா என்று கேட்டான். கேட்டுவிட்டு, அவள் கேட்காமலே, போனைத் திருப்பி ஹேங்கரைக் காட்டினான். விமானத்தின் வால், ஏணி, சுவர்க் கடிகாரம், தூரத்தில் நின்று கையாட்டும் ஆஸிம். இப்போது தினமும் அப்படித்தான். கூப்பிட்டதும் முதலில் ஒரு சுற்று சுற்றிக் காட்டிவிட்டுத்தான் முகத்தைக் காட்டுகிறான்.

வேண்டாம் மச்சான் என்று சொல்லிவிடலாம் என்று ஹஃப்ஸாவுக்குத் தினமும் தோன்றுகிறது. அவன் சுற்றி முடிக்கும் வரை பார்த்துக்கொண்டு, பிறகு பேசுகிறாள்.